நல்

ஜெலுத்தோங்கில், இரும்புச் சாமான் கடைக்கு மேல்மாடியில்
ரத்தம் கழுவும் நிலையம்.
பதினான்கு நாற்காலிகள், மூன்று வேளை.
கண்ணாடிக் கதவில் ஒட்டிய நல்வரவில்
முதல் இரண்டு எழுத்து உரிந்துபோய்
வரவு மட்டும் மிச்சம்.

அவர்கள் கேட்டது ஒரே ஒரு பக்கம்.
இந்த வாரம் யார் எத்தனை முறை வந்தார்கள்,
யாருக்கு எத்தனை மருந்து.
ஒரு மணி நேர வேலை என்று
சிஸ்டர் பவுலினிடம் சொன்னது செவ்வாய்க்கிழமை.
இன்று வெள்ளி.
பாயான் பாருவில் மழை.
அலுவலகத்தில் நானும் ஏர்கோனும்.

முதலில் ஒவ்வொருவராய் எடுத்து
ஒவ்வொரு முறையும் டேட்டாபேஸுக்கு ஓடி
நீ வந்தாயா, சரி, நீ வந்தாயா
என்று கேட்டுத் திரும்பும்படி எழுதினேன்.
நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு
நூற்றுப் பதின்மூன்று ஓட்டம்.
பக்கம் திறப்பதற்குள் கோப்பி ஓ ஆறிவிட்டது.
'ஒரே மூச்சில் கேள்,
இல்லாவிட்டால் கேட்காதே'
என்று குறிப்பெழுதி வைத்துவிட்டுத்தான்
ஹோக் செங் சிங்கப்பூர் வேலைக்குப் போனான்.

ஒரே மூச்சில் கேட்டேன்.
நோயாளியோடு வரவைச் சேர், மருந்தைச் சேர்,
இரண்டையும் எண்ணு.
புள்ளி வைத்துப் புள்ளி வைத்து
நீண்டுகொண்டே போன வரி
திரையின் வலது ஓரத்தில் மடிந்து விழுந்தது.
ஃப்ரேம்வொர்க் சாது.
அடியில் என்ன செய்கிறது என்று
கேட்டால்தான் காட்டும்.

மூன்று முறை வந்தவர் மங்களேஸ்வரி.
ஐந்து மருந்து அவருக்கு.
ஒரே வாரத்தில் பதினைந்து முறை ரத்தம் கழுவி
பதினைந்து மருந்து விழுங்கி
திரையில் நின்றார்.
இணைத்தால் கூட்டல் இல்லை, பெருக்கல்
என்று பரீட்சையில் எழுதியிருக்கிறேன்,
முழு மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன்.
பாவம், அந்த அம்மாவின் கை.

பிரித்து எண்ணினேன்.
சரியாக வந்தது. மிகச் சரியாக.
யாருமே விடுபடவில்லை.
பவுலினிடமிருந்து வாட்ஸ்அப்:
'எல்லாரும் வந்துட்டாங்களாமே.
அப்ப ஏன் தம்பி
நாலு நாற்காலி காலியாவே கெடந்துச்சு?'

கால் மணி நேரம் எதையும் தட்டவில்லை.

வந்தவர்களிடம் மட்டும்
வந்தாயா என்று கேட்டிருக்கிறேன்.
லெஃப்ட் ஜாயின்தான் போட்டிருந்தேன்,
துணை வரி கிடைக்காதவரும் இருக்கட்டும் என்று.
ஆனால் 'இந்த வாரம்' என்ற நிபந்தனையைக்
கடைசி வரியில் வைத்திருந்தேன்.
அது காவல்காரன் மாதிரி வாசலில் நின்று
கையில் தேதி இல்லாதவர்களை
ஒரு சத்தமும் இல்லாமல் திருப்பி அனுப்பிவிட்டது.
பிழைச் செய்தி கிடையாது, சிவப்பு எழுத்து கிடையாது.
இல்லாதவர்கள் புகார் செய்வதில்லை.

நிபந்தனையை இணைப்புக்குள்ளே நகர்த்தினேன்.
நான்கு பெயர் வந்தது.
நான்குக்கும் பக்கத்தில், வரவுக்கு நேரே,
நல்.
பூஜ்யம் இல்லை இது.
பூஜ்யம் என்றால் எண்ணிப் பார்த்தோம், ஒன்றும் இல்லை.
நல் என்றால் தெரியாது.
ஆங்கிலத்தில் வெறும் குழி.
நம் எழுத்தில் எழுதினால்
பின்னால் ஒரு சொல் வருமென்று
வாய் திறந்து நிற்கிற பாதிச் சொல்.

பவுலினுக்கு நான்கு எண்களையும் அனுப்பினேன்.
போனை வைக்காதே தம்பி என்று
மேசைத் தொலைபேசியில் ஒவ்வொன்றாய்ச் சுழற்றினார்.
ஷம்சுடின் செவ்வாய்க்கிழமையே அடக்கமாகிவிட்டார்.
லிம் சூ கீட், மகள் வீட்டில், சுங்கை பட்டாணியில்,
அங்கே ஒரு நிலையம் பார்த்தாயிற்றாம்.
அந்தோணிராஜ் 'பஸ்ஸுக்குக் காசில்ல சிஸ்டர்'
என்று சொல்லிவிட்டு
காசைப் பற்றிப் பேசாமல் மழையைப் பற்றிப் பேசினார்.
நாளைக் காலை வேன் அனுப்புகிறேன் என்றார் பவுலின்,
மழையைப் பற்றியே பேசுவதுபோல.

நான்காவது எண் அடித்துக்கொண்டே இருக்கிறது.
கேட்டபடியே கோடைச் சேமிக்கிறேன்.
என்ன மாற்றினாய், ஒரு வரியில் எழுது
என்று கேட்கிறது பெட்டி.
வராதவர்களையும் சேர்த்தேன்
என்று எழுதி, அழித்து,
திரும்பவும் அதையே எழுதுகிறேன்.